கரண்ட் போன இரவுகளும் காய்ந்துபோன மையும்

விடுமுறை முடிந்து பிரிண்டரைப் போட்டால் கறுப்பு மட்டும் வரவில்லை, என்ன செய்யலாம் என்று இந்த வாரமும் மூன்று பெற்றோர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லப்போனால் கொஞ்சம் பழைய கதையும் சேர்ந்து வருகிறது. பொறுமையாக வாசியுங்கள்.

மை காய்ந்து அடைப்பது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. நமது கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலம் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். எழுத்தின் சந்துகளில் மை உறைந்தால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

பாடசாலைகளுக்கு வந்தது றோனியோ. டேவிட் கெஸ்டெட்னர் என்பவர் லண்டனில் 1881இல் உருவாக்கிய முறையின் வாரிசு அது. எந்தக் கம்பனி மெஷினாக இருந்தாலும் நமக்கு அது றோனியோதான்! மெழுகுத் தாளில் ரிபன் இல்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். கொஞ்சம் பலமாக அடித்தால் வட்ட எழுத்தின் வயிறு கழன்று விழுந்து, அந்த இடத்தில் மை குளம் கட்டும். தவணைப் பரீட்சை முடியும்வரை எங்கள் விரல்கள் கறுப்பாகவே இருந்தன.

இன்க்ஜெட் பிறந்த கதை வேறு. 1977இல் ஜப்பானின் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில், மை நிரப்பிய ஊசியில் சூடான ஈயப்பற்று இரும்பு தவறுதலாகப் பட்டதும் ஊசிமுனையிலிருந்து மை சீறியது. சூட்டில் குமிழி உண்டாகி மைத்துளியைத் தள்ளும் வழி அதிலிருந்து வந்தது. எச்பி 1984இல் திங்க்ஜெட்டையும் 1988இல் டெஸ்க்ஜெட்டையும் விற்பனைக்கு விட்டது. எப்சன் 1993இல் வேறு பாதையில் போனது. சூடே இல்லை. மின்சாரம் பட்டால் வளையும் படிகம் ஒன்று மையை அழுத்தித் தள்ளும். உங்கள் வீட்டுப் பிரிண்டருக்கு என்ன வைத்தியம் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. எச்பியின் பெரும்பாலான சிறிய பிரிண்டர்களில் தலை காட்ரிஜோடு சேர்ந்தே வரும். அடைத்தால் காட்ரிஜை மாற்றினால் தலையும் புதிது. எப்சனில் தலை மெஷினோடு நிரந்தரம். அதை மாற்றும் காசுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பிரிண்டர் வாங்கலாம்.

போத்தலால் மை ஊற்றும் டாங்கி பிரிண்டரை எப்சன் 2010இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே நம் ஊர்களில் பிரிண்டருக்கு வெளியே போத்தல் வைத்து, டியூப் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அது போகட்டும்.

இனி 2022 மார்ச். டொலர் இல்லை, கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய வழியில்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அதே மாதம் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே நடுப்பகுதியில் 350ஐத் தாண்டியது. 2021க்குரிய சாதாரண தரப் பரீட்சையோ தள்ளிப்போய் மே மாதத்தில் நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி வினாத்தாள் இல்லாமல் எப்படி? ஆசிரியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து, ஒருவர் வீட்டு டாங்கி பிரிண்டரில் அடிக்கத் தொடங்கினோம்.

மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. பக்கம் பாதி வரும்போதே போய்விடும். பிரிண்டரை அதன் பட்டனால் நிறுத்தினால் தலை ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். திடீரென்று மின்சாரம் போனால் நடுவழியில் திறந்தபடியே நிற்கும். துளைகளோ தலைமுடியை விடச் சன்னமானவை. நாலைந்து நாளில் கறுப்பு கோடுகோடாகி, பிறகு வரவேயில்லை.

நாங்கள் செய்த பிழை, 'ஹெட் கிளீனிங்'கை விடாமல் ஏழெட்டுத் தடவை அழுத்தியது. ஒவ்வொரு தடவையும் நல்ல மையை உறிஞ்சி அடியிலுள்ள கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. அந்த விலையில் அது ரத்தம் கொடுப்பது மாதிரி. இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு இரவு விட்டுப் பார்ப்பது அதைவிட மேல்.

கடைசியில் கைகொடுத்தது பெற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர். பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு ஆசிரியர் அங்கேயே ஒரு போத்தல் வாங்கி வந்தார். தலை நகரத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றினோம் (செய்யக்கூடாது என்று சொன்னதையே இங்கே வேண்டுமென்று செய்கிறோம்!). அப்போது தலை பூட்டாமல் நிற்பதால் கையால் மெல்லத் தள்ளலாம். நூல் உதிராத துணியை மடித்து, அந்தத் தண்ணீரை இளஞ்சூடாக்கி நனைத்து, தலைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க விட்டோம். ரப்பர் மூடியையும் துடைத்தோம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பே துளையில் படியும். ஊசியால் குத்தவே வேண்டாம்.

காலையில் துணியில் கறுப்பு இறங்கியிருந்தது. ஒரு கிளீனிங், ஒரு நொசில் செக். இரண்டு கோடு மட்டும் விடுபட்டது. அடுத்த நாள் அதுவும் சரியானது. கணித வினாத்தாளை இரண்டு பக்கத்திலும் சின்ன எழுத்தில் அடித்து, இரண்டு பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தோம்.

விடுமுறையில் வாரத்துக்கு ஒரு கலர்ப் பக்கம் அடியுங்கள். சுவரில் சுவிட்சைத் தட்டாமல் பட்டனால் நிறுத்துங்கள். கரண்ட் நடுவில் போனால், வந்த உடனே ஒரு தடவை போட்டு, தலை மூடிக்குள் போனபிறகு அணையுங்கள். இவ்வளவும் செய்தும் கறுப்பு வராவிட்டால் அந்த நொசில் செக் தாளைப் படமெடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.