பாட்டி பெத்தது பத்து, நின்னது எத்தனை?

(தலைப்பு: தாய்க்கும் சேய்க்கும் பெரிதும் துணையானது அந்நாளைய வீட்டுப் பிரசவமா? இந்நாளைய மருத்துவமனைப் பிரசவமா? 'மருத்துவமனைப் பிரசவமே' என்ற அணியில் பேசியது.)



எதிரணி நண்பர் ஒரு பாட்டி கதை சொன்னார். நாத்து நட்டுக்கிட்டு இருந்தாளாம், வலி எடுத்துச்சாம், வரப்போரம் ஒதுங்கினாளாம், பிள்ளையைப் பெத்தாளாம், கருக்கரிவாளால கொடியை அறுத்தாளாம், பிள்ளையை முந்தானையில சுத்திக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வெச்சாளாம். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, அந்த நேரம் தாத்தா எங்க இருந்தார்னு நண்பர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பாட்டி பத்துப் பெத்தாங்க, ஒத்துக்கிறேன். நின்னது எத்தனை? நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. "எட்டுப் பெத்தேன், நாலு தங்குச்சு"ன்னு சொல்லுவாங்க. அந்தத் 'தங்குச்சு'ங்கிற ஒரு சொல்லுக்குள்ள நாலு சின்னக் குழி இருக்குதய்யா. அது மட்டுமில்ல. இந்த வரப்புக் கதையைச் சொன்னவங்க பிழைச்ச பாட்டி. பிழைக்காத பாட்டி எந்தப் பேரனுக்குக் கதை சொல்லுவா?

அவங்க சார்பா நான் ஒரு சாட்சியைக் கூட்டி வந்திருக்கேன். ஆள் இல்ல, கல்லு. சுமைதாங்கிக் கல்லு.

பழைய பாதை ஓரங்கள்ல பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாம சுமையை அதுல இறக்கி வெச்சுட்டு, மூச்சு வாங்கிட்டுப் போகலாம். அதை எதுக்காக நட்டாங்க தெரியுமா? கர்ப்பத்தோடயோ பிரசவத்துலயோ ஒரு பொண்ணு செத்துப் போனா, "வயித்துச் சுமையை இறக்கி வைக்காமலே போயிட்டாளே"ன்னு அவ நினைவா வீட்டுக்காரங்க நட்டு வைக்கிறது வழக்கம். அவ இறக்காத சுமையை வழியில போறவங்களாவது இறக்கட்டும்னு. எங்க ஊர் ஆலமரத்தடியில ஒண்ணு இருந்துச்சு. எங்க பாட்டியோட அக்காவுக்கு நட்டது. பாட்டி அந்தப் பக்கம் போறப்பெல்லாம் அந்தக் கல்லை ஒரு தடவை தொட்டுட்டுத்தான் போவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. (அரங்கில் அமைதி)

வீட்டுப் பிரசவத்தைப் பத்தி நம்ம முன்னோர் எழுதி வெச்ச வரலாறு அதுதாங்க. 'பிரசவம் பொம்பளைக்கு மறுபிறப்பு'ன்னு சும்மாவா சொன்னாங்க?

ஊர் மருத்துவச்சியை நான் குறைச்சுப் பேசல. அவ கை அனுபவம் பெருசு. நடுராத்திரியில அரிக்கேன் விளக்கைப் புடிச்சுக்கிட்டு ஓடி வருவா. நாம அவளுக்கு என்ன செஞ்சோம்? பிள்ளை பிறக்கிற அறைக்குள்ள விட்டோம், கூடத்துல உட்கார விடல. கொஞ்சம் நெல்லு, ஒரு பழைய சேலை, அதான் கூலி! ஆனா அவ கை எட்டாத இடம் ஒண்ணு இருந்துச்சு. நிறைமாசத்துல நிமிஷத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போய் வருதுங்க. பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகணும். இறுகலேன்னா? ஒரு மணி நேரம்கூட இல்ல, முடிஞ்சுது. அந்த நேரத்துல வேண்டியது ஊசி, மருந்து, ரத்தம். மருத்துவச்சியோட முடிச்சுல அது ஏது? அழுக்கு அரிவாளால கொடியை அறுத்து, சாணியையோ சாம்பலையோ வெச்சா, ஏழெட்டு நாள்ல பிள்ளைக்கு வாய் கட்டிக்கும், பால் இழுக்க முடியாது, உடம்பு வில்லா வளையும். பேய் அடிச்சுதுன்னு நினைச்சவங்களும் உண்டு. அது பேய் இல்ல, டெட்டனஸ். அம்மாவுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, அவ்வளவுதான். 2015-இல் இந்தியாவுல தாய்-சேய் டெட்டனஸ் ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. (கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு உதவி செய்யட்டுமா? அவங்க சொல்ல மறந்த ஒரு சங்கதியை நானே சொல்றேன். ஆஸ்பத்திரியை விட வீடே மேல்னு இருந்த காலமும் உண்டு! 1840-களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு. ஒண்ணுல டாக்டர்கள், இன்னொண்ணுல மருத்துவச்சிகள். டாக்டர் வார்டுலதான் சாவு அதிகம். அங்க போக மாட்டேன்னு பெண்கள் கால்ல விழுந்து கெஞ்சினாங்க, சிலர் தெருவுலயே பெத்துக்கிட்டாங்க. செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோட டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்தாங்க. 1847-இல் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவச் சொன்னார். ஏப்ரல்ல நூத்துக்கு 18 பேர் செத்த வார்டுல, ரெண்டே மாசத்துல சாவு நூத்துக்கு 2-க்குப் பக்கத்துல இறங்கிடுச்சு. ஆனா பெரிய டாக்டர்கள் அவரை ஏத்துக்கல. 1865-இல் மனநல விடுதியில செத்துப் போனார் அந்த மனுஷன். ஆக, காப்பாத்தினது ஆஸ்பத்திரிச் சுவர் இல்லீங்க, கழுவின கை. அந்தக் கையைத்தான் நான் மருத்துவமனைங்கிறேன்!

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1890-களில் திண்டிவனம். ஐடா ஸ்கடர்னு ஒரு இளம் பொண்ணு, அமெரிக்க டாக்டரோட மகள். ஒரே ராத்திரியில மூணு பேர் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து, "என் மனைவி பிரசவ வேதனையில துடிக்கிறா, வாம்மா"ன்னு கூப்பிட்டாங்க. "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அனுப்புறேன்"னாங்க அந்தப் பொண்ணு. ஆம்பளை டாக்டர் வேணாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடியறப்போ மூணு பெண்களும் உயிரோட இல்ல. அந்த ராத்திரி ஐடாவை மாத்திடுச்சு. அமெரிக்கா போய்ப் படிச்சு, 1899-இல் டாக்டர் ஆனாங்க. 1900-இல் வேலூர்ல ஒத்தைக் கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சாங்க. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்னிக்கு வேலூர் சி.எம்.சி. அந்த ஒத்தைக் கட்டில்லேருந்து வளர்ந்ததுதான். (நீண்ட கைதட்டல்) 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில டாக்டர் ஆனதும் இதே வரலாறுதான். பெண்ணைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வந்தாங்க, பூட்டின கதவு திறந்துச்சு.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது: 2005-06-இல் இந்தியாவுல நூத்துக்கு 39 பிரசவம்தான் மருத்துவமனையில. 2019-21-இல் 89. தமிழ்நாட்டுல 99-ஐயும் தாண்டிடுச்சு.

"சும்மா சும்மா வயித்தைக் கிழிக்கிறாங்களே"ன்னு எதிரணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதே கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பிரசவம் சிசேரியன். அது அதிகம்தான். வலியில துடிக்கிறவளை அதட்டுறதும் தப்புதான். தட்டிக் கேப்போம், சண்டை போடுவோம். ஆனா சோத்துல கல்லு கிடந்தா அரிசியைக் களைஞ்சு ஆக்குவோமா, பட்டினி கிடப்போமா? 2018-இல் திருப்பூர்ல வீடியோவைப் பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்த்து, ஒரு தாய் இறந்து போனாங்க. வீடியோ வழி சொல்லும், ரத்தம் ஏத்துமா?

எங்க பாட்டிக்குப் பேத்தி பிறந்தது ஆஸ்பத்திரியில. பிள்ளையைக் கையில வாங்கினதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, ஆணா பொண்ணான்னு இல்ல. "தாய் எப்படி இருக்கா?"

நடுவர் அவர்களே, அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுத் தேஞ்ச கை கேட்ட கேள்வி அது. "நல்லா இருக்கா"ன்னு பதில் வந்த இடம் எதுவோ, அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)