வெந்நீர் அண்டா: மாதேஸ்வரன் மலை வட்டாரம்

வெந்நீர் அண்டா என்பது குளியலறை மூலையில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செம்புப் பாத்திரம். கன்னடத்தில் இதற்கு ஹண்டே என்று பெயர். அது இருக்கும் அறை ‘பச்சலு மனெ’. மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால், மேட்டூர்ப் பக்கத்து வீடுகளில் கணப்பு ஏற்பாடு என்று எதையாவது காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்ட முடியும். பனி விழும் நாடுகளில் வீட்டையே சூடாக்குகிறார்கள். இங்கே ஆளைச் சூடாக்கினால் போதும். மார்கழி விடியலில் முதுகில் நாலு சொம்பு வெந்நீர் விழுந்தால் பாதிக் குளிர் போய்விடும்.

மலை சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது. முன்பு கர்நாடகத்தின் மைசூரு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்ததால், அண்டாவும் ஹண்டேயும் இங்கே எல்லை பார்ப்பதில்லை. சேலம், ஈரோடு, தருமபுரியிலிருந்து பாலாறு வழியாக மலைக்கோயிலுக்கு ஏறும் பக்தர்களுக்கும் இது பழகிய பாத்திரமே.

அமைப்பு எளிது. செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய மேடைக்குள் அண்டாவைக் கழுத்துவரை இறக்கிவிடுவார்கள். வாய் மட்டும் வெளியே தெரியும். அடுப்பின் வாயைப் பல வீடுகளில் சுவருக்கு வெளியே வைத்திருப்பார்கள். குளிப்பவர் புகையில் இருமாமல் இருக்கவும், விறகு தள்ளுபவர் உள்ளே வராமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. தென்னை மட்டை, பன்னாடை, கொட்டாங்கச்சி, சோளத்தட்டை என்று சமையலுக்கு ஆகாதது எல்லாம் இந்த அடுப்புக்கு ஆகும். எல்லா வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு: எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஊற்றாமல் வந்தவருக்கு அடுத்துக் குளிக்கப் போனவரிடம் வசவு நிச்சயம்.

தமிழ்நாட்டு நகர வீடுகளில் இதன் தம்பியான செம்புப் பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய். அதற்குள் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர். மேலே உள்ள புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, மேலே நிற்கும் வெந்நீரை ஒரு சொம்பு அளவுக்கு மூக்கு வழியாக வெளியே தள்ளும். மூக்கில் திருகவோ பழுதாகவோ குழாய் கிடையாது. ஊற்றினால்தான் வரும் என்பதால் பாய்லர் வற்றவும் வற்றாது. இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

அண்டாத் தொழிலில் கை வைத்தவர்கள் கன்னாரும் கொத்தனாரும். கன்னார் தகட்டைத் தட்டி வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்து, ஒடுக்கு விழுந்தால் எடுத்து, ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். ஈயமும் காரீயமும் கலந்த பற்றாசு 200 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது, மூட்டும் பிழைக்கும். வற்றிய பாத்திரத்தின் அடியில் பத்து நிமிடம் தீ எரிந்தால் ஒட்டு கழன்றுவிடும். வீட்டுச் சட்டத்தின் காரணம் இதுதான். சமையல் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு ஈயம் பூசும் வேலை குளியல் அண்டாவுக்குத் தேவையில்லை என்பதால், ஈயம் பூசுகிறவரின் வரும்படியில் அண்டாவுக்குப் பங்கு இருந்ததில்லை.

அண்டாவின் குறை அடுப்பில்தான். 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். கணக்குப்படி காய்ந்த விறகு ஒரு கிலோவிலேயே அது இருக்கிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடுவதால் பழைய அடுப்பு அதைப்போலப் பல மடங்கு தின்னும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ.கே.என். ரெட்டி முன்னின்று தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையம், மூன்று கண் அடுப்போடு ஹண்டே அடுப்பையும் கையில் எடுத்தது இதற்காகத்தான். தீயையும் புகையையும் பாத்திரத்தைச் சுற்றிவர வைத்துப் பிறகு புகைபோக்கிக்கு விடுவது அதன் சூட்சுமம். மாதேஸ்வரன் மலைக்காடும் 2013இல் வனவிலங்கு சரணாலயமானது. விறகு பொறுக்குவது இன்று முன்போல் எளிதல்ல.

வெந்நீர் வேலை இப்போது பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் போய்விட்டது. போர்வெல் தண்ணீரின் உப்பு கெய்சர் காயிலில் ஓடுபோல் படியும். தொட்டிக்காகத் தானே அரிபட்டுப்போகும் மெக்னீசியம் தண்டை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. கர்நாடக அரசு 2007இல் பலவகைப் புதுக் கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. தெற்குப் பார்த்துச் சாய்த்த பலகையில் சூடான நீர் தானே மேலேறித் தொட்டிக்குப் போகும், மோட்டார் வேண்டாம். காற்றுக் குழாயை மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே திறந்துவிட வேண்டும். இதை மறந்த பிளம்பரால் தொட்டி உப்பும் அல்லது நசுங்கும்.

கர்நாடகத்தில் நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலை ‘நீரு தும்புவ ஹப்பா’, அதாவது நீர் நிரப்பும் பண்டிகை. பச்சலு மனெயைக் கழுவி, ஹண்டேயைப் புளி போட்டுத் துலக்கி, களிம்பு போனதும் சுண்ணாம்பும் செம்மண்ணும் கொண்டு கோலமிட்டு, பூச்சுற்றி, நீர் நிரப்பிக் கும்பிடுவார்கள். விடியுமுன் எண்ணெய்க் குளியல். அதே நாட்களில் மலைக்கோயிலிலும் தீபாவளி ஜாத்திரை நடக்கும். ஐப்பசி மழைக்காலம் என்பதால் மாடிப் பலகைக்கு வெயில் போதாமல் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுவதும் உண்டு. அன்றைக்குக் கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து, பரணில் கிடந்த அண்டாவை ஏற்றுகிறார்கள்.