30 மில்லிதான் உங்க விசிட்டிங் கார்டு! - பீர் திருவிழாவில் ஸ்டால் போடும் புது ப்ரூவருக்கு ஒரு கைடு

அமெரிக்காவின் டென்வர் நகரத்துல நடக்குற 'கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல்' கிராஃப்ட் பீர் உலகத்துல ரொம்பப் பிரபலம். நுழைவு டிக்கெட் எடுத்துட்டா போதும், ஸ்டால் ஸ்டாலா போய் ஒவ்வொண்ணுலயும் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லி ருசி பார்க்கலாம். கோப்பைக்குத் தனியா காசு கிடையாது.

அப்போ பீர் காய்ச்சி எடுத்துட்டு வர்ற புது ப்ரூவருக்கு என்னதான் லாபம்? ஒரே பதில்தான்: உங்க பேரு நாலு பேருக்குத் தெரியும்!

ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது முடிஞ்சதும் பல மாநிலங்கள் காய்ச்சுபவர், மொத்த விநியோகஸ்தர், கடைக்காரர்னு மூணு பேரையும் சட்டப்படி பிரிச்சு வெச்சாங்க. அதனால சின்ன ப்ரூவர் கடை அலமாரியில இடம்பிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டுல பீர் காய்ச்சவே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய சட்டம் வழிவிட்டது. 1982-ல் போல்டர் நகரத்துல சார்லி பப்பாசியன் இந்தத் திருவிழாவை ஆரம்பிச்சார்.

இந்த மாதிரி திருவிழாக்களுக்கு பார் ஓனர்களும் விநியோகஸ்தர்களும் கோப்பையோட வந்து நிப்பாங்க. கடன் வாங்கித் தொட்டி வாங்கின ஒரு புது ப்ரூவருக்கு அந்த 30 மில்லிதான் விசிட்டிங் கார்டு. சரி, அந்த ஸ்டால்ல நிக்கிறது நீங்கதான்னு வெச்சுக்கோங்க. என்னவெல்லாம் பண்ணணும்?

நுரைதான் முதல் எதிரி

சின்ன கெக் ஒண்ணுல சுமார் 19.5 லிட்டர் இருக்கும். கணக்குப்படி 650 கோப்பை. அதுல ஐந்தில் ஒரு பங்கு நுரையா போச்சுன்னா, 130 பேருக்கு ஊத்த வேண்டியது வாளிக்குள்ள போயிடும்.

* வண்டியில குலுங்கி வந்த கெக்கை உடனே திறக்காதீங்க. குளிர்ச்சியான இடத்துல அசையாம கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

* ஐஸ் பெட்டிக்குள்ள நீளமான உலோகச் சுருள் குழாய் வெச்சு பீரைக் குளிரவைக்கிற சாதனத்துக்கு 'ஜாக்கி பாக்ஸ்'னு பேரு. அதுல வெறும் ஐஸ் கட்டி போட்டா பத்தாது. தண்ணியும் ஊத்தணும். அப்போதான் சுருள் முழுக்கக் குளிரும்.

* நுரை வருதேன்னு கேஸ் அழுத்தத்தைக் குறைக்கத்தான் கை போகும். அங்கேதான் சிக்கல். நீளமான சுருளுக்குப் பொதுவா 25-30 பி.எஸ்.ஐ. தேவை. குறைச்சா குழாய்க்குள்ளேயே கேஸ் பிரிஞ்சு நுரை இன்னும் கூடும்.

* டேப்பைப் பாதி திறந்து ஊத்தாதீங்க. முழுசா திறங்க, பட்டுனு மூடுங்க.

* டென்வர் கடல்மட்டத்துல இருந்து 5,280 அடி உயரத்துல இருக்கு. அங்கே காற்றழுத்தம் குறைவு. கீழே இருந்து கெக் கொண்டு வர்றவங்க வழக்கமான அளவை விட இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி வெக்கணும்.

ஸ்பேனர், வாஷர், டேப், துணி, வாளி எல்லாம் கூடுதலாவே இருக்கட்டும். அரங்குக்குள்ள போன பிறகு கடை தேடி அலைய முடியாது.

பத்து செகண்ட்ல சொல்லுங்க

பின்னாடி வரிசை நிக்கும். பீரோட பேரு, வகை, ஆல்கஹால் சதவிகிதம், என்ன ருசி... இவ்வளவு போதும். உங்க வாழ்க்கைக் கதையை, கேட்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுங்க. பால் சர்க்கரை, கோதுமை, நட்ஸ் ஏதாவது சேர்த்திருந்தா, போர்டுலயே எழுதி வெச்சுடுங்க. அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அது உயிர் விஷயம்.

ஒருத்தர் ஊத்தணும், இன்னொருத்தர் பேசணும். ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா ரெண்டும் சொதப்பும்.

'சூப்பர்'னு சொல்லிட்டுப் போறவங்களை விட, எதுவும் பேசாம அதே பீருக்கு ரெண்டாவது தடவை வர்றவங்களை கவனிங்க. எந்த பீருக்குத் திரும்பி வர்றாங்கன்னு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. அடுத்து எதை அதிகமா காய்ச்சணும்னு அந்தக் குறிப்பு சொல்லும்.

'போதும்' சொல்லத் தயங்காதீங்க

அமெரிக்காவில் 21 வயசு ஆகாதவங்களுக்கு மது கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தா ஊத்தாதீங்க. தள்ளாடுறவருக்கு பீருக்குப் பதிலா தண்ணி கொடுங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. அவர் வண்டி ஓட்டிட்டுப் போய் ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பாரம் உங்க மேலயும் விழும். நீங்களும் ஸ்டால்ல நிக்கிற வரைக்கும் குடிக்காதீங்க. கெக் திறந்ததும் சரியா இருக்கான்னு ஒரு வாய் பார்த்தா போதும்.

இன்னொண்ணு: யார் கையில இருந்தாவது கோப்பை நழுவி விழுந்தா, டென்வர் அரங்கமே 'ஓஓஓ'ன்னு கத்தும். பதறாதீங்க, அது அங்கே வழக்கம்!

விளக்கு அணைஞ்ச பிறகு...

கால் கடுக்கும், தூக்கம் வரும். இருந்தாலும் குழாயை அன்னிக்கு ராத்திரியே கழுவிடுங்க. தேங்கி நிக்கிற பீர்ல பாக்டீரியா வளர்ந்தா, அடுத்த தடவை ஊத்தும்போது புளிப்போ வெண்ணெய் வாசமோ அடிக்கும். குடிக்கிறவர் 'குழாய் சரியில்லை'ன்னு சொல்ல மாட்டார், 'இந்த பீர் சரியில்லை'ன்னுதான் சொல்வார்.

*மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு.*