கேட்ட கேள்வியும் விரும்பிய விடையும்

ஆள்வோர் அறிஞரின் ஆலோசனையை நாடுவது நாட்டுக்கு நலம் பயக்கும் என்பதை நாம் அனைவரும் ஏற்கிறோம். ஆனால் ஆலோசனை கேட்கப்படுவது எதற்காக? உண்மையை அறியவா, அன்றி முன்னரே எடுத்த முடிவுக்கு அறிஞரின் ஒப்பத்தைப் பெறவா? பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

எட்டாம் ஹென்றி 1509-இல் தம் மறைந்த அண்ணன் ஆர்தரின் மனைவியான கேதரினை மணந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அதற்கு விதிவிலக்கு அளித்திருந்தார். ஆண் வாரிசு இல்லாத கவலையும் ஆன் பொலின்மீது கொண்ட நாட்டமும் சேர, அத்திருமணம் இறைச்சட்டத்துக்கு முரணானது என அரசர் வாதிடலானார். சகோதரனின் மனைவியை மணப்பதை லேவியர் நூல் தடுக்கிறது. மகப்பேறின்றி இறந்த சகோதரனின் மனைவியை மணக்குமாறு இணைச்சட்ட நூல் பணிக்கிறது. எனவே அறிஞர்கள் ஆய்வதற்குரிய சிக்கல் ஒன்று இருக்கத்தான் செய்தது.

பல்கலைக்கழக இறையியலாரிடம் கருத்துக் கேட்கலாம் என 1529-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் தாமஸ் கிரான்மர் வழி கூறினார். வழி நல்லதே, நடந்த விதம் வேறு. ஆக்ஸ்போர்டில் இளம் ஆசிரியர்கள் எதிர்க்கவே, முடிவெடுக்கும் பொறுப்பு ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிசில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் தம் செல்வாக்கைச் செலுத்தினார். ஸ்பெயினில் பிணையாக இருந்த தம் இரு மைந்தரை மீட்க அவருக்கு ஹென்றியின் தயவு தேவைப்பட்டது. 1530 ஜூலை 1 அன்று மைந்தர் விடுதலையாயினர். மறுநாளே பாரிஸ் இறையியலார் ஹென்றிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். சாலமான்கா முதலிய ஸ்பானியப் பல்கலைக்கழகங்கள் கேதரின் பக்கம் நின்றன. அந்நாட்டை ஆண்டவர் அவருடைய சகோதரியின் மகன் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சாதகமான தீர்ப்புகள் 1531-இல் நூலாக அச்சேறின. அவற்றை நாடாளுமன்றத்தின்முன் வைக்கும் கடமை அரசின் தலைமை அமைச்சரான தாமஸ் மூருக்கு வந்தது. அவர் அதைச் செய்தார். அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்டபோது, அதை அரசரிடமே தெரிவித்துவிட்டதாகக் கூறி அமைதி காத்தார். அரசவையில் அறிஞனுக்கு இடமுண்டா என்ற வினாவைத் தம் ‘யுடோப்பியா’வில் 1516-இலேயே விவாதித்தவர் அவர். 1532 மே மாதம் பதவியைத் துறந்தார்.

ஆயர் ஜான் பிஷரின் நிலை இன்னும் வியப்புக்குரியது. கேம்பிரிட்ஜின் வேந்தர் அவரே. அப்பல்கலைக்கழகம் அரசருக்கு இசைந்தது, அவர் இசையவில்லை. அரசரே திருச்சபையின் தலைவர் என்பதை ஏற்க மறுத்தமையால் 1535-இல் இருவரும் தலை கொய்யப்பட்டனர். வழி கூறிய கிரான்மர் பேராயரானார். 1533-இல் அத்திருமணம் செல்லாது என அறிவித்தார். கேதரினின் மகள் மேரி அரியணை ஏறியபின், 1556-இல் ஆக்ஸ்போர்டில் அவரும் எரிக்கப்பட்டார். அவரைப் பொருளுக்காகப் பேசியவர் எனத் தள்ளிவிடுதல் நீதியன்று. தாம் கூறியதை அவர் நம்பியே கூறினார்.

ஆகவே பழி முழுவதையும் ஆலோசகர்மீது சுமத்த இயலாது. கேட்பவர் எவ்வாறு கேட்கிறார் என்பதே முதற் கேள்வி. குழுவைத் தேர்ந்தவர் யார்? மாறுபட்டோரின் கருத்து பதிவாயிற்றா? எதிர்மறை விடை வந்திருப்பின் அதுவும் அச்சேறியிருக்குமா? அரசு அமைக்கும் வல்லுநர் குழுவாயினும், பல்கலைக்கழக ஆட்சிமன்றமாயினும், நம் பங்குப் பேரவையே ஆயினும் இக்கேள்விகள் பொருந்தும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டில் புனித தாமஸ் மூரை அரசியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய அறிவுரையை அவருடைய அரசர் ஏற்கவில்லை. ஏற்கப்படாத அறிவுரையையும் சொல்வதற்கு ஒருவர் இருந்தார் என்பதையே திருச்சபை நினைவுகூர்கிறது. இடித்துரைப்போருக்கு நம் அவைகளில் இருக்கை உண்டா என்பதை, அவைகளைக் கூட்டும் பொறுப்பில் உள்ள நாம் ஆராய்ந்து பார்ப்போமாக.