அலிப்பூரின் காற்றும் ஏர் ஸ்க்ரூவும்: எரிபொருள் கலவை கைமாறிய வரலாறு

கொல்கத்தாவில் வானிலை குறித்துப் பேச்செழுந்தால் அலிப்பூரின் பெயர் வராமல் இராது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. தலைமையகம் பின்னாளில் சிம்லா, புனே, தில்லி என இடம்பெயர்ந்தது. எனினும் அலிப்பூர் அலுவலகம் நிலைத்து நின்றது. காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்வது அதன் அன்றாடப் பணி. இவற்றுள் முதல் இரண்டையும் இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு புதிய மோட்டார் சைக்கிளும் நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டே செல்கிறது. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் எடையைக் கணிக்காமல் அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்க இயலாது என்பதே காரணம். இந்த அளவீடு வண்டிக்குள் புகுந்த கதையைத் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறோம். அதைக் கலவையைத் தீர்மானிக்கும் உரிமை கைமாறிய கதையாகவும் வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம்.

கார்புரேட்டருக்குக் காற்றின் கன அளவு தெரியும், எடை தெரியாது. குறுகலான குழாய் வழியே காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை ஒரு நுண்துளை வழியாக மேலே இழுக்கிறது. அவ்வளவுதான் அதன் அறிவு. கொல்கத்தாவின் 12 பாகை சனவரிக் காலையையும் 38 பாகை ஏப்ரல் நண்பகலையும் ஒப்பிட்டால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. பெட்ரோலின் ஓட்டம் அதே அளவு குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறைகிறது. ஆகவே கலவையில் பெட்ரோலின் பங்கு சுமார் 4 விழுக்காடு கூடிவிடுகிறது. அதே வண்டியை 2,000 மீட்டர் உயரத்திலுள்ள டார்ஜிலிங்கிற்கு ஓட்டிச் சென்றால் இம்மிகுதி 10 விழுக்காட்டை நெருங்கும். புகை கறுக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மலைப்பயணத்தின் பெயரால் விற்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016இல் கார்புரேட்டருடன் வெளிவந்து, மறு ஆண்டே எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியது. மாற்றத்தைக் கட்டாயமாக்கியது மலை அன்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதி என்பது வேறு செய்தி.

காற்றைப் பற்றிக் கார்புரேட்டருக்கு இல்லாத அறிவை ஈடுசெய்தவர் மெக்கானிக். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கைகோத்ததைத் தொடர்ந்து திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. அன்று முதல் அரை நூற்றாண்டுக் காலம் நம் பட்டறைகளின் நடுநாயகமாக இருந்தது ஒரு சிறு பித்தளைத் திருகு. பட்டறை மொழியில் அது ‘ஏர் ஸ்க்ரூ’. மொழியியல் பயின்றவனுக்கு இச்சொல்லில் ஒரு சுவை உண்டு. பழைய அமால் வகைக் கார்புரேட்டரில் அது உண்மையிலேயே காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறிவாகும். பின்னர் வந்த பல கார்புரேட்டர்களில் அதே பணியைச் செய்வது எரிபொருள் திருகு. அதை வெளியே திருகினால்தான் கலவை செறிவாகும். செயல் தலைகீழான பின்னும் பேச்சில் பெயர் பெரும்பாலும் மாறவில்லை. பெயரைக் கை பின்பற்றவில்லை, செவியைப் பின்பற்றியது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என நகர்த்தி, ஓசை சீராகி வேகம் உச்சம் தொடும் புள்ளியில் நிறுத்துவதே முறை.

பட்டறைத் தமிழில் கலவையைக் குறிக்கும் சொற்கள் குறைவு. கலவை கெட்டதன் அறிகுறிகளைக் குறிக்கும் சொற்கள் மிகுதி. ‘மிஸ்ஸிங் அடிக்குது’, ‘பிக்கப் இல்ல’, ‘புகை தள்ளுது’, ‘பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது’. நோயின் பெயரைச் சொல்லாமல் நோயாளியின் முனகலைப் பதிவு செய்யும் மருத்துவ மொழி இது. இன்றைய வண்டிகளின் முகப்பில் எரியும் மஞ்சள் விளக்கும் அதன் பிழைக் குறியீடுகளும் இச்சொற்களின் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டன.

ஆயினும் இத்திருகைப் போற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அதற்குக் கொல்கத்தாவே சான்று. இந்நகரின் இருவீச்சு ஆட்டோக்கள் ‘காட்டா தேல்’ எனும் மலிவான கலப்பட எரிபொருளில் ஓடியது ஊரறிந்த செய்தி. வெட்டிய எண்ணெய் என்று பொருள்படும் இத்தொடர், மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பெட்ரோலுடன் சேர்த்த சரக்கைக் குறிக்கும். தமிழில் ‘கலவை’யும் ‘கலப்படம்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. வங்காளத் தெருவிலும் இரண்டும் அவ்வளவு தொலைவில் இருக்கவில்லை. எதைக் கலந்தாலும் ஓரளவு ஓடிவிடும் பொறுமை கார்புரேட்டருக்கு உண்டு. திருகையும் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்ததால் அப்பொறுமை மலிவான மாசாயிற்று. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் சுபாஷ் தத்தா தொடுத்த வழக்கில், பழைய வணிக வாகனங்களையும் இருவீச்சு ஆட்டோக்களையும் அகற்றும்படி 2008 சூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் எரிவாயுவில் ஓடும் நான்குவீச்சு ஆட்டோக்கள் அவ்விடத்துக்கு வந்தன. மெக்கானிக்கின் சுதந்திரத்துக்கும் நகரத்தின் நுரையீரலுக்கும் இடையிலான வழக்கு அது. தீர்ப்பு நுரையீரலின் பக்கம் நின்றது சரியே.

மோட்டார் சைக்கிளில் மாற்றம் தயங்கித் தயங்கியே நிகழ்ந்தது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ, 2007இல் பஜாஜ் பல்சர் 220, 2008இல் யமஹா ஆர்15 ஆகியவை உட்செலுத்தலுடன் வந்தன. 2009இல் பஜாஜ் அதே பல்சர் 220ஐக் கார்புரேட்டருக்குத் திருப்பிக் குறைந்த விலையில் விற்றது. அதுதான் பெருவெற்றி பெற்றது. தொழில்நுட்ப வரலாறு முன்னோக்கி மட்டுமே செல்லும் என நம்புவோர் இதனை நினைவிற்கொள்ளலாம். அன்றைய வாங்குவோருக்கு விலையும், தெருமுனையில் பழுதுபார்க்க இயல்வதும் பெரிதாகத் தெரிந்தன.

தயக்கத்தை முடித்துவைத்தது சட்டம். 1991இல் இருசக்கர வாகனத்துக்குக் கிலோமீட்டருக்கு 12 முதல் 30 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதிக்கப்பட்டது. 2000இல் அது 2 கிராமாகியது. பாரத் ஸ்டேஜ் 6இல் 1 கிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குத் தனி வரம்பு 0.06 கிராம். 2020 ஏப்ரல் 1க்குப் பின் பாரத் ஸ்டேஜ் 4 வாகனங்களை விற்கலாகாது என 2018 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகைக்குழாயிலுள்ள மும்முனை வினையூக்கி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் மூன்று மாசுகளையும் ஒருங்கே முறிக்கும். அவ்வெல்லைக்குள் கலவையை இடையறாது நிறுத்துவது திருகால் ஆகாத காரியம்.

உட்செலுத்தல் வண்டியில் ‘கலவையைச் சரிசெய்வது’ என்றால் என்ன? புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணரி, கலவை செறிந்துள்ளதா நலிந்துள்ளதா என்பதை மின்னழுத்தமாகச் சொல்கிறது. இசியு அதைக் கேட்டுத் தெளிப்பின் கால அளவை மில்லி நொடியின் சிறுபகுதிகளில் கூட்டிக் குறைக்கிறது. சீரான ஓட்டத்தில் நாம் வெளியிலிருந்து பெட்ரோலைக் கூட்டினாலும் உணரி அதைக் கண்டறிந்து குறைத்துவிடும். த்ராட்டிலை முழுதும் திறக்கும்போது மட்டும் உணரியின் சொல் புறக்கணிக்கப்பட்டு, ஆலையில் எழுதிய அட்டவணையே ஆள்கிறது. யமஹாவின் சில வண்டிகளில், கண்டறி கருவியின் வழியாக எஞ்சினின் சும்மா ஓட்டத்திற்கான கார்பன் மோனாக்சைடு அளவைச் சற்றே மாற்ற இயலும். பழைய ஏர் ஸ்க்ரூவின் எச்சம் அது. அதற்கு மேல் விரும்புவோருக்குப் பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக், ஃபியூயல்எக்ஸ் போன்ற இடைக்கருவிகள் கிடைக்கின்றன. இசியுவுக்கும் தெளிப்பானுக்கும் இடையே அமர்ந்து அவை கலவையை மாற்றுகின்றன. தொழிற்சாலை பூட்டிய திருகுக்குச் சந்தை விற்கும் மாற்றுச் சாவி என அவற்றைச் சொல்லலாம்.

இங்கே சட்டத்தின் பார்வையில் ஒரு விந்தை உள்ளது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான சோதனை, இருசக்கர வாகனத்தை நிற்கவைத்துச் சும்மா ஓட்டத்தில் மட்டுமே அளக்கிறது. அது ஏர் ஸ்க்ரூவின் ஆட்சிக்குட்பட்ட நிலம். இடைக்கருவிகள் முதன்மையாக வேலை செய்வது வண்டி ஓடும்போது. திருகு மறைந்த பின்னும் சட்டம் திருகைத்தான் காவல் காக்கிறது. மறுபுறம், கண்டறி கருவியும் அதன் மென்பொருளும் இல்லாத தெருமுனை மெக்கானிக், நேர்மையான பழுதைக்கூடப் பார்க்க இயலாமல் வண்டியை விற்பனை முகமைக்கு அனுப்புகிறார். 2022இல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயில் ஒன்றைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. கையேடு கிடைப்பதும் குறியீட்டைத் திறக்கும் அதிகாரம் கிடைப்பதும் ஒன்றல்ல.

இதற்கிடையே கலவை மீண்டும் தொட்டிக்கே திரும்பியுள்ளது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் எனும் இலக்கை 2025இல் எட்டியதாக அரசு அறிவித்தது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது முழுதும் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்குத் தேவையான விகிதம் 14.7லிருந்து ஏறத்தாழ 13.5க்கு இறங்குகிறது. தூய பெட்ரோலுக்கு அளவு வைத்த எஞ்சின் இதனால் சுமார் 8 விழுக்காடு நலிந்த கலவையில் ஓடும். அலிப்பூரின் குளிருக்கும் கோடைக்கும் இடையே காற்றின் அடர்த்தி மாறுவதும் இதே அளவே என்பது தற்செயல். உட்செலுத்தல் வண்டியில் ஆக்சிஜன் உணரி இதனைத் தன் எல்லைக்குள் ஈடுகட்டிவிடும். பழைய புல்லட்டில் ஏர் ஸ்க்ரூவை நகர்த்தினால் சும்மா ஓட்டம் மட்டும் சீராகும். நெடுஞ்சாலை வேகத்துக்கு மெயின் ஜெட்டையே ஓர் அளவு பெரிதாக மாற்ற வேண்டும். எந்த அளவு என்பதை ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் பட்டறைகளில் இருக்கிறார்கள்.