ஐந்தாமவரின் பணி

கோள் ஊர்திகளின் வரலாற்றைச் சக்கரங்களின் வரலாறாகவே எழுதிவருகிறோம். ஊர்தி எவ்வளவு தொலைவு சென்றது என்று கேட்கிறோம். எவ்வாறு பேசியது என்று கேட்பதில்லை.

1970 நவம்பர் 17 அன்று நிலவின் மழைக்கடல் சமவெளியில் இறங்கிய சோவியத் ஊர்தி லூனக்கோத்-1. அதனைக் கிரிமியாவிலிருந்து இயக்கிய குழுவில் ஐவர் இருந்தனர்: தலைவர், ஓட்டுநர், வழிகாட்டுநர், பொறியாளர், ஆன்டெனா இயக்குநர். ஊர்தி திரும்பினாலும் சாய்ந்தாலும் அதன் குறுகிய அலைக்கற்றையைப் புவியை நோக்கியே நிறுத்துவது ஐந்தாமவரின் பொறுப்பு. கற்றை விலகினால் படம் வராது. படம் வராவிடில் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது.

2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் அப்பணியைத் தாமே ஏற்றன. கேமராவால் சூரியனைக் கண்டு திசையறிந்து, புவி இருக்குமிடத்தைக் கணித்து ஆன்டெனாவைத் திருப்பின. ஆயினும் அவற்றின் தரவில் பெரும்பகுதி, செவ்வாயைச் சுற்றிவந்த ஒடிசி விண்கலத்தின் வழியாகவே வந்தது. 2023இல் நம் பிரக்யான் புவியுடன் நேரடியாகப் பேசவேயில்லை. அது விக்ரம் தரையிறங்கியிடம் பேசியது. விக்ரம், பெங்களூரை அடுத்த பயலாலு நிலையத்துடன் பேசியது.

ஆக, ஐந்தாமவரின் பணி மறையவில்லை. மனிதரிடமிருந்து மென்பொருளுக்கும், ஊர்தியிலிருந்து இடைக்கலத்துக்கும் இடம்பெயர்ந்தது. லூனக்கோத்-1 கடந்த ஏறத்தாழ 10.5 கிலோமீட்டரை ஓட்டுநரின் கணக்கில் மட்டும் எழுதுவது வரலாறாகாது.