மது வாடையும் 30 மில்லிகிராமும்: ஒரு தீர்ப்பு செல்லும் எல்லை

இஃப்கோ டோக்கியோ – பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பளித்தது. ஓட்டுநர் குடித்திருந்ததை நிரூபிக்க ரத்தப் பரிசோதனை தேவையில்லை, மருத்துவர் குறித்த 'மது வாடை'யே போதும் என்றொரு வாசிப்பு அதன்பின் சட்ட எழுத்துகளில் நிலைத்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களின் எதிர்வுரைகளும் அதையே பற்றிக்கொள்கின்றன. தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. போனதாகவே கொண்டாலும், 2022 ஏப்ரல் 1க்குப் பின் நேர்ந்த விபத்துகளில் மூன்றாம் தரப்பினரின் கோரிக்கைக்கு அதை நீட்ட முடியாது என்பது என் கருத்து.

அந்த வழக்கில் நடந்தது என்ன? 2007 டிசம்பர் 22 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே அகலமான சாலையில் ஒரு போர்ஷ் கார் நடைமேடையில் மோதித் தீப்பிடித்தது. மருத்துவக் குறிப்பில் மது வாடை பதிவானது. மூச்சுக் கருவிச் சோதனையோ ரத்தச் சோதனையோ நடக்கவில்லை. இடையூறு எதுவும் காட்டப்படாத சாலையில், அதிகாலையில், ஒரு கார் அவ்வளவு வேகத்தோடு மோதியதற்கு வேறு விளக்கம் தரப்படவில்லை. நீதிபதிகள் லலித், இந்திரா பானர்ஜி, கே.எம். ஜோசப் அடங்கிய அமர்வு வாடையையும் விபத்து நடந்த விதத்தையும் சேர்த்து வைத்தே முடிவுக்கு வந்தது. வாடையை மட்டும் தனியே உருவியெடுத்து வேறு வழக்குகளில் ஒட்டவைப்பவர்கள், தீர்ப்பின் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இன்னும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. அது காருக்கு நேர்ந்த சொந்தச் சேதத்துக்கான வழக்கு. நுகர்வோர் ஆணையங்கள் வழியாக மேலே வந்தது. காப்பீடு எடுத்தவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பாலிசியில் 'போதையில் ஓட்டினால்' என்ற விலக்கு நிபந்தனையின் பொருளே அங்கு கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் குற்றவியல் பிரிவான 185இன் 30 மில்லிகிராம் அளவு அந்த ஒப்பந்தத்துக்கு எல்லைக்கோடு ஆகாது என்றது நீதிமன்றம். சரியான முடிவுதான். ஆனால் சாலையோரம் நடந்துபோய் அடிபட்டவர் அந்தப் பாலிசியில் கையெழுத்திட்டவர் அல்லர்.

அவருக்கு எதிராக நிறுவனம் எழுப்பக்கூடிய தற்காப்புகளைச் சட்டமே வரையறுக்கிறது. 2019 திருத்தத்தின் புதிய 11ஆம் அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 150ஆம் பிரிவு குடிபோதையை முதல்முறையாகத் தற்காப்புகளில் சேர்த்தது; ஆனால் 'பிரிவு 185இல் கூறியபடி' என்ற நிபந்தனையோடு. மதுவைப் பொறுத்தவரை 185 சொல்வது ஒன்றே: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று ஏதாவது ஒரு சோதனையில் தெரிய வேண்டும். மூச்சுக் கருவியாக இருக்கலாம், ஆய்வகச் சோதனையாகவும் இருக்கலாம். கட்டுப்பாட்டை இழந்த நிலை என்ற அளவுகோலை அதே பிரிவு போதைப்பொருளுக்குத்தான் வைத்திருக்கிறது. பேர்ல் பெவரேஜஸ் விலக்கிவைத்த எண்ணை நாடாளுமன்றம் மூன்றாம் தரப்பு வழக்குக்குள் எழுத்தாகவே கொண்டுவந்திருக்கிறது. இதைக் கவனியாமல் பழைய தீர்ப்பை அங்கே பொருத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எண் எப்படிக் கிடைக்கும் என்பதே கீழ்நிலையில் சிக்கல். திருச்சி நம்பர் ஒன் டோல்கேட் அருகே இரவு 10 மணிக்கு விபத்து என்று வைத்துக்கொள்வோம். காயமடைந்த ஓட்டுநரை முதலில் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு. ரத்தம் எடுக்க நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடுகிறது. மது சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் ரத்தத்திலிருந்து குறைகிறது என்றால், அப்போது 20 காட்டும் ரத்தம் விபத்து நேரத்தில் 60க்கும் மேலே இருந்திருக்கலாம். கடைசிக் குடி விபத்துக்குச் சற்று முன்பென்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். சட்டம் சொல்லும் இரண்டு மணி நேரக் கெடுவும் கைதிலிருந்து ஓடுகிறது, விபத்திலிருந்து அல்ல. குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இல்லாவிட்டால் மாதிரியே நம்பகம் இழக்கும். ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்தார்களா என்ற கேள்வியும் வரும்.

இனி ஏ.ஆர். காப்பிக்கு, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலுக்கு, வருவோம். 'மது அருந்தியுள்ளார், போதையில் இல்லை' என்ற வாசகம் அரசு மருத்துவர்களின் சான்றுகளில் பழகிப்போனது. நிறுவனத்தின் வழக்கறிஞர் முதல் பாதியை வாசிப்பார், வண்டி உரிமையாளரின் வழக்கறிஞர் பின்பாதியை. வாடை குடித்ததைக் காட்டலாம், அளவைக் காட்டாது. தூய எத்தனாலுக்கு வாடை குறைவு, மூக்கில் ஏறுவது பானத்தின் மற்றச் சேர்மங்கள்தாம். தள்ளாட்டமும் குழறலும் தலைக்காயத்தாலும் வரும். 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் இத்தகைய அறிகுறிகளை மட்டும் வைத்துப் போதை என்று முடிவுகட்ட உச்ச நீதிமன்றம் மறுத்தது குற்ற வழக்கில்தான். அதன் மருத்துவத் தர்க்கம் உரிமையியல் வழக்கில் செல்லாமல் போய்விடாது. எழுதிய மருத்துவரைக் கூண்டேற்றாமல் அந்த ஒற்றை வரியைச் சான்றாவணமாகக் குறியீடு செய்வதோடு நிறுத்திக்கொண்டால் தன் சுமையை இறக்கியதாக நிறுவனம் சொல்ல முடியாது. மீறலை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004இலேயே முடிவாகிவிட்டது.

சோதனைக்கு நிற்காமல் ஓடியவனுக்கு இது பரிசாகாதா என்று கேட்கலாம். ஆகாது: மறுப்பை எதிராகக் கொள்ளப் பிரிவு 205 வழி வைத்திருக்கிறது, ஓட்டுநர் மீதான தனிப் பொறுப்பும் போகாது. போலீஸ் சோதனை செய்யத் தவறியதற்கு அடிபட்டவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

கவனக்குறைவு என்ற கேள்வியில் அளவுகோல் வேறு. அங்கே நிகழ்தகவின் பக்கச் சாய்வு போதும்; வாடையும் ஒரு சூழ்நிலைச் சான்றாக நிற்கும். அந்தச் சலுகை இறந்துபோன இருசக்கர வண்டிக்காரருக்கு எதிராகத் திரும்பும்போது தீர்ப்பாயங்கள் தயங்க வேண்டும். உடற்கூறாய்வில் வயிற்றில் மது மணம் என்ற குறிப்பை வைத்தே பங்களிப்புக் கவனக்குறைவு என்று சொல்லி வாரிசுகளின் தொகையில் ஒரு பங்கை வெட்டுவதற்கு, அவர் வண்டி எந்தப் பக்கம் சென்றது, எங்கே மோதியது என்ற சாட்சியம் முதலில் வேண்டும். உரிமம் இல்லாமல் ஓட்டியதே பங்களிப்புக் கவனக்குறைவு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கில் சொன்ன காரணம் மதுவுக்கும் பொருந்தும்: மீறலுக்கும் மோதலுக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும். பார்வை மகஜரும் வரைபடமும் அதைக் காட்டாதபோது, வயிற்றிலிருந்த மணம் அந்த இடைவெளியை நிரப்பாது.